ஓட்டர் முனை அறிவிப்பும் பதினொரு நிலவறைகளும்

இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் பேச எழுந்ததுமே தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண்ணுக்கு நேரே மேசைமேல் வைத்துவிட்ட தலைவர் அவர்களே! முன்வரிசையில் முறையாக வீற்றிருக்கும் மூத்த ஆவண நூலகர்களே! எழுபத்தொன்பது வயதிலும் முதுகை நாற்காலியில் சாய்க்காமல், நான் சொல்லப்போகும் ஒவ்வொரு தேதியையும் சரிபார்க்கக் காத்திருக்கும் மதிப்புக்குரிய மில்ட்ரெட் பாசெட் அம்மையார் அவர்களே! அவருக்கு அடுத்த நாற்காலியில் கண்மூடிச் செவிதிறந்து அமர்ந்திருக்கும் பெரியவர் வால்டர் கோஸ்கி அவர்களே! அவர் தூங்குகிறார் என்று சொல்பவர்களை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். காலையிலிருந்து இந்தத் தேவாலயத்துச் சமையலறையில் நின்று காப்பியையும், இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த ஹாட்டிஷையும் கமகமக்கச் செய்திருக்கும் தாய்மார்களே! அந்த மணத்துக்காகவே வந்துவிட்டு, என் பேச்சுக்காக வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நண்பர்களே! உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

வெளியே பாருங்கள். ஏரி தெரியவில்லை. ஏரிக்கரை தெரியவில்லை. நான் நிறுத்திவிட்டு வந்த கார்கூடத் தெரியவில்லை. சுப்பீரியர் ஏரி தன் நவம்பர் மூச்சை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் நமக்கென்ன? நாம் எங்கே இருக்கிறோம்? நிலவறையில்! வெள்ளிவிழாவுக்குக்கூட மேல்மாடியில் இடம் கிடைக்காத ஒரே சங்கம், இந்த மாநிலத்தில் நம்முடைய சங்கம்தான்.

நாம் யார் என்று உலகுக்குத் தெரியுமா? என் மாமியாருக்கே தெரியாது. பத்தொன்பது வருடமாக அந்த அம்மாள், நான் ஏதோ அரசாங்க ரகசியம் காப்பவன் என்று தம் தோழிகளிடம் சொல்லிவருகிறார். நானும் மறுக்கவில்லை. வீட்டில் வேறு எதற்கும் எனக்கு மரியாதை இல்லை. உண்மை என்ன? நாம் காப்பது யாருமே மறைக்காததை! அரசு அச்சிட்டு, அடுக்கி, பெட்டியில் போட்டு, ஊர் ஊராக இலவசமாக அனுப்பி, "யார் வேண்டுமானாலும் வந்து படியுங்கள்" என்று கெஞ்சியும் யாரும் வந்து படிக்காததை!

அந்தப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். வாரந்தோறும் வரும் பழுப்புநிறப் பெட்டிகள். திறந்தால் உள்ளே என்ன இல்லை? கோழிக்கு வரும் நோய் இருக்கும். குழந்தைக்கு வரும் பல் இருக்கும். எங்கோ ஒரு தீவில் போன ஆண்டு பெய்த மழையின் அளவு இருக்கும். அலாஸ்காவின் ஆறுகள் இருக்கும், அவற்றில் நீந்தும் மீன்கள் இருக்கும், அந்த மீன்களைப் பற்றி இரண்டு செனட்டர்கள் போட்ட சண்டை நானூறு பக்கம் இருக்கும். ஒரு தேசம் தூக்கத்தில் பேசுகிறது. அது பேசியதையெல்லாம் ஒருவர் நிலவறையில் உட்கார்ந்து எடுத்துவைக்கிறார். அந்த ஒருவர்தான் நாம். ஒவ்வொரு தாளையும் எடுத்து, வந்து சேர்ந்த தேதியை ஊதா மையில் 'டக்' என்று முத்திரை குத்தி, அலமாரியில் வைக்கிறோம். டக். டக். டக். என் மனைவி சொல்கிறாள், நான் கனவிலும் தலையணையில் குத்துகிறேனாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று வரை நமக்குச் சங்கம் கிடையாது. மாநிலத்தில் இப்படிப் பதினோரு நூலகங்கள். பதினோரு நிலவறைகள். பதினோரு பேர். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அப்படியானால் எப்படித் தொடர்பு? கழிவுப் பட்டியல் மூலமாக! ஒரு நூலகம் எதையாவது எடுத்துப் போட வேண்டுமென்றால், பட்டியல் தட்டச்சு செய்து மற்றப் பத்துப் பேருக்கும் அனுப்ப வேண்டும். யாரும் கேட்காவிட்டால் வீசலாம். காதலர்கள் கடிதம் எழுதுவார்கள், உறவினர்கள் வாழ்த்து அனுப்புவார்கள். நம் முன்னோர்கள் ஒருவருக்கொருவர் குப்பையின் பட்டியலை அனுப்பி அன்பை வளர்த்தார்கள்.

அந்தப் பட்டியல்களில் தலைசிறந்தது டுலூத்திலிருந்து வருவது. மில்ட்ரெட் அம்மையாருடையது. ஓர் எழுத்துப் பிழை இருக்காது, ஓரம் ஒரு நூலளவு கோணாது. புதிய பதிப்பு வந்தால் பழையது செல்லாக்காசு; செல்லாததை எடுத்துப் போடலாம் என்பது விதி. விதியை விரதமாகக் கடைப்பிடித்தவர் அம்மையார். அவருடைய அலமாரிகளில் அன்றைய தேதிக்குச் செல்லுபடியாகும் தாள் மட்டுமே நிற்கும். ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, "இங்கே தூசிகூடப் புதுப் பதிப்பு" என்று எழுதிவைத்துவிட்டுப் போனாராம்.

வடக்கே, சுரங்க ஊரான டாமராக்கில் ஒருவர் இருந்தார். அவர் பட்டியலே அனுப்பியதில்லை. ஏன்? எதையும் எறிந்ததில்லை! ஆய்வாளர் அந்த நிலவறைக்குள் நுழைந்து, திரும்பி வர வழி தெரியாமல் அரைமணி நேரம் கத்தினார் என்று ஒரு கதை உண்டு. (பெரியவர் தலையசைக்கிறார். ஆக, அரைமணி இல்லை, கூடவே இருக்கும்.) மில்ட்ரெட் அம்மையார் அவருக்கு ஆண்டுக்கொரு கடிதம் எழுதி, உங்கள் அலமாரி ஒருநாள் யார் தலையிலாவது விழும் என்று எச்சரிப்பார். இவர் பதில் போட மாட்டார். பதில் போடக் கடிதத்தைப் பிரிக்க வேண்டுமே!

நான் இந்தப் பணிக்கு வந்தது சங்கம் தொடங்கி இரண்டு ஆண்டு கழித்து. ஆகவே இனி நான் சொல்லப்போவதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அம்மையாரிடம் காப்பி வாங்கிக் கொடுத்து ஒரு பாதி, பெரியவரிடம் பீர் வாங்கிக் கொடுத்து ஒரு பாதி எனப் பத்து வருடமாகத் துருவித் துருவிச் சேர்த்தது. இரண்டு பாதியும் ஒட்டாத இடத்தில் என் சொந்தப் பசை கொஞ்சம் இருக்கும். பொறுத்தருள்க.

எழுபத்து மூன்றாம் ஆண்டு அக்டோபர் மாதம், இன்றைக்குப் போலவே மூடுபனி. மில்ட்ரெட் அம்மையாரின் நிலவறைப் படியில் ஒரு பெண்மணி இறங்கிவந்தார். பெயர் தோரா ஹாகன். ஐம்பது வயது. பனி அவர் மேலங்கியில் முத்து முத்தாகக் கோத்திருந்ததாம். கையில் ஒரு செய்தித்தாள் துண்டு.

ஓட்டர் முனை என்ற சிற்றூர். அங்கே ஒரு கலங்கரை விளக்கம். தோராவின் தந்தை ஐனார் ஹாகன் அதன் காவலர். முப்பத்தாறாம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் நாள், பகலையே விழுங்கிய பனி. எல்லன் மார்ஷ் என்ற தாதுக்கப்பல் பாறையில் மோதியது. மூன்று பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் சொன்னது ஒன்றே: பனிக்கொம்பு ஊதவில்லை. கப்பலுக்குக் கரையைச் சொல்லும் அந்தப் பெரிய ஊதுகுழல் அன்று வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? காவலன் தூங்கிவிட்டான் என்றது ஊர். கொம்பு பழுது, முன்கூட்டியே எழுதிவிட்டேன் என்றார் ஐனார். எழுதியதற்கு அத்தாட்சி எங்கே என்றது விசாரணை. மேலிடத்துக் கோப்பில் அந்தக் கடிதம் இல்லை. வேலை போயிற்று. மீதி வாழ்நாளை மீன்கொட்டகையில் கழித்தார் அந்த மனிதர். அதன்பின் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

முப்பத்தேழு வருடம் கழித்து அந்த ஊருக்குச் சுற்றுலா ஆசை வந்தது. விபத்தின் நினைவாக வெண்கலப் பட்டயம் வார்த்துவிட்டார்கள். 'காவலர் கண்ணயர்ந்ததால்' என்று அதில் எழுத்து. நவம்பர் ஒன்பதாம் தேதி திறப்பு விழா. ஐனாருக்கு அப்போது வயது எண்பத்தொன்று. முதியோர் இல்லத்தில் இருந்தார்.

"அப்பாகிட்ட காட்டினேன்," என்றார் தோரா. "கோவப்படல. செத்தா என்னை இந்த ஊர்ல புதைக்காதன்னு மட்டும் சொன்னாரு. எங்கம்மா அங்கதான் படுத்திருக்காங்க, மிஸ் பாசெட்."

அன்பர்களே, ஒரு மனிதர் சாகவே இன்னும் இல்லை. அதற்குள் அவரை மனைவியின் பக்கத்திலிருந்து ஒரு வெண்கலத் தகடு விரட்டுகிறது! அந்தத் தகட்டுக்கு எதிராக நிறுத்த, எங்காவது ஒரு தாள் இருக்கிறதா என்று கேட்டு அந்தப் பெண் வந்திருக்கிறார்.

எந்தத் தாள் என்று அம்மையாருக்கு உடனே தெரிந்துவிட்டது. மாலுமிகளுக்கான வாராந்தர அறிவிப்பு! எந்த விளக்கு அணைந்திருக்கிறது, எந்த மிதவை நகர்ந்திருக்கிறது, எந்தக் கொம்பு பழுது என்று வாரத்துக்கொரு முறை அச்சாகி வரும் நாலு பக்கம். ஐனார் உண்மையிலேயே எழுதியிருந்தால், அது அதில் வந்திருக்கும். விசாரணையில் அதைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மையார் எழுந்து நிமிர்ந்து நடந்தார். எந்தத் தாளையும் முப்பது நொடியில் எடுப்பவர் அவர். நூல்பட்டியல் அட்டைகள் இருந்த இழுப்பறையை இழுத்தார். அந்த இதழுக்கான அட்டையை எடுத்தார். நின்றார்.

அட்டையில் அவருடைய அழகான கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'ஆண்டுத் தொகுப்பு வந்ததால் வாராந்தர இதழ்கள் செல்லாதவை. விதிப்படி நீக்கப்பட்டன. 1951.'

ஆண்டுத் தொகுப்பில் என்ன இருக்கும்? ஆண்டு முடிவில் எந்த விளக்கு எப்படி இருந்தது என்பது இருக்கும். நவம்பரில் ஊமையாக இருந்து, டிசம்பரில் குணமாகிவிட்ட கொம்பு அதில் இருக்குமா? இராது. புதியது பழையதை விழுங்கிவிட்டது. விழுங்கக் கொடுத்தவர் நம் அம்மையார்!

"இல்லையா?" என்று கேட்டார் தோரா.

"இருந்துச்சு," என்றார் அம்மையார். "நான்தான் எடுத்துப் போட்டேன்."

எனக்கு இதைச் சொல்லும்போது அவர் காப்பியைக் குடிக்கவே இல்லை. ஒருவர் விதியை மீறித் தவறு செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். விதியை ஒரு புள்ளி பிசகாமல் காத்ததாலேயே தவறு செய்ய, நம் தொழிலைத் தவிர வேறெங்கே முடியும்?

அன்றே மற்றப் பத்து நூலகங்களுக்கும் கடிதம் போனது. 'இதை எறிகிறேன், வேண்டுமா' என்றே எழுதிப் பழகிய கை, முதன்முறையாக 'இது வேண்டும், இருக்கிறதா' என்று எழுதியது. ஒன்பது பதில்கள் வந்தன. ஒன்பதும் ஒரே வாசகம்: விதிப்படி நீக்கப்பட்டது. விதிப்படி. விதிப்படி. பத்தாவது பதில் வரவே இல்லை. யாரிடமிருந்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவரே, கண்ணைத் திறக்காதீர்கள், நன்றாக இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கையில், அம்மையார் தம் பழைய ராம்ப்ளர் காரில் தோராவை ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டார். அந்தப் பயணத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இடப்பக்கம் தேவதாரு மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளிவந்து, தலையசைத்து, மீண்டும் பனிக்குள் போய்விடும். வலப்பக்கம் ஏரி; கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் தெரியும் ஏரி. நேரம் நிற்கிறதா நகர்கிறதா என்றே தெரியவில்லையாம். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் முப்பத்தாறாம் ஆண்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று தோன்றியதாம். விதியைத் தவிர வேறெதையும் நம்பாத அம்மையாருக்கு அப்படித் தோன்றியது என்றால், அன்று பனி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

டாமராக் நிலவறையில், தாள்மலைகளுக்கு நடுவே ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே வால்டர் கோஸ்கி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்டர் கோஸ்கி, நான் மில்ட்ரெட் பாசெட்."

பெரியவர் மெல்ல எழுந்து, மேலே பார்த்தாராம். "அலமாரி விழுந்திருச்சான்னு பாக்க வந்தீங்களா? இன்னும் விழல."

"என் கடிதம் வந்துச்சா?"

"வந்திருக்கும். அந்த மூலைல பாருங்க. எல்லாக் கடிதத்தையும் பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்."

அம்மையார் விஷயத்தைச் சொன்னார். இவர் ரொட்டியைக் கீழே வைத்தார். முப்பத்தாறாம் வருடம் கொதிகலனுக்குப் பின்னால் என்றார். அது எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று அம்மையார் கேட்டதற்கு, அங்கே மட்டும்தான் தான் இன்னும் போகவில்லை என்றார்.

மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். தாள்கள் இலையுதிர்காலம்போல் அவர்களைச் சுற்றி உதிர்ந்தன. ஆப்பிள் பூச்சிகள் வந்தன. செவ்விந்தியப் பள்ளிகளின் கணக்கெடுப்பு வந்தது. யாரும் போகாத எரிமலையின் வரைபடம் வந்தது. நடுவில் அம்மையாரின் கை தானாகவே தாள்களை எண்வரிசைப்படி அடுக்கத் தொடங்கிவிட்டதாம். "வேண்டாம்மா," என்றாராம் இவர். "அடுக்கினா எனக்கு எதுவும் கெடைக்காது."

நாலாவது மணி நேரத்தில், நீர்க்கறை படிந்த ஒரு கட்டுக்குள் அது கிடைத்தது. அக்டோபர் முப்பத்தொன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. மூன்றாம் பக்கம், கீழே, பொடி எழுத்து. அம்மையார்தான் வாசித்தார்.

'ஓட்டர் முனை. பனிக்கொம்பு பழுது. மறு அறிவிப்பு வரை ஒலிக்காது. பனி மூடும்போது காவலர் கையால் மணி அடிப்பார்.'

தோரா தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்பாவோட கை," என்றார். "அன்னிக்கு ரெண்டு உள்ளங்கையும் கிழிஞ்சு கட்டுப் போட்டிருந்தாரு. அடுப்புப் பக்கத்துல தூங்கிச் சுட்டுக்கிட்டான்னு ஊர்ல சொன்னாங்க. நானும் அதையே நம்பிட்டேன்."

கப்பல் அந்த இதழ் வருவதற்கு முன்பே துறைமுகம் விட்டிருந்தது. ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம், பனிக்குள் ஒரு மனிதன் நின்று கயிற்றை இழுத்து இழுத்து மணி அடித்திருக்கிறான். காற்று அந்த ஓசையைக் கப்பலுக்குக் கொண்டுபோகவில்லை. ஊருக்கும் கொண்டுவரவில்லை. பெற்ற மகளின் காதுக்கு அது வந்துசேர முப்பத்தேழு வருடம் ஆயிற்று.

இனிமேல்தான் வேடிக்கை. தாளைக் கொடுங்கள், கொண்டுபோகிறோம் என்றார் அம்மையார். வாழ்நாளில் ஒரு விதியையும் மதிக்காத இந்த வால்டர் கோஸ்கி, கொடுக்க மாட்டேன் என்றார்! அரசு ஆவணம், அரசாங்கச் சொத்து, இரவல் கிடையாது, இங்கேயே படிக்கலாம் என்றார். விதியின் எண்ணையும் சொன்னார். அம்மையார் அசந்துபோனார். எண் சரியாக இருந்தது.

"அப்ப என்னதான் செய்யறது?" என்று கேட்டார்.

பெரியவர் கோட்டை எடுத்து மாட்டினார். "இரவல்தானே கூடாது? நான் போறேன். அது என்கூட வருது."

அம்மையார் மற்ற ஒன்பது பேருக்கும் தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. நவம்பர் ஒன்பதாம் நாள் ஓட்டர் முனையில் பதினோரு பேரும் நின்றார்கள். நிலவறையை விட்டு வெளியே வந்த பதினோரு வெளிறிய முகங்கள், பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. மாதாகோயிலுக்குப் போடும் கோட்டுகள். ஒவ்வொருவரும் தம் ஊதா முத்திரையைப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். ஏன் என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

நகர மன்றத் தலைவர் டெல்பர்ட் கிரேன், படகு மோட்டார் வியாபாரி, தாளை வாங்கிப் பார்த்தார். கெட்டவரில்லை. ஆனால் பட்டயம் வார்த்தாகிவிட்டது, வாத்தியக்குழு வந்தாகிவிட்டது. "இது அப்புறமா அச்சடிச்சு, முன்தேதி போட்டதா இருக்கலாம் இல்லையா?" என்றார். "தேதி போடறது பெரிய காரியமா?"

"தாளைத் திருப்புங்க," என்றார் மில்ட்ரெட் அம்மையார்.

திருப்பினார். பின்பக்கம் ஊதா மை மங்கி, மாலை நேரத்து மேகம்போலக் கிடந்தது: டாமராக் நூலகம், வரவு, நவம்பர் 5, 1936. கப்பல் மோதுவதற்கு நான்கு நாள் முன்பு. பெயர்கூடத் தெரியாத ஒரு நூலகர், அன்று காலை பெட்டியைத் திறந்து, படித்தும் பார்க்காமல், பழக்கத்தினால், 'டக்' என்று குத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருக்கிறார். அந்த ஓர் ஒலி, அன்பர்களே, அந்த ஓர் ஒலி ஒரு மனிதரின் மானத்தைத் தூக்கி நிறுத்தியது!

கிரேன் வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டயத்தைப் பார்த்தார். "வெண்கலம்ங்க. இனி இதை என்ன பண்றது?" என்றார், பாவமாக.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது செல்லாத பதிப்பு, மிஸ்டர் கிரேன். விதிப்படி நீக்கிடலாம்."

திரை விலகவில்லை. வாத்தியக்குழு வாசிக்கவில்லை. ஐனார் ஹாகனைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். வால்டர் அவர் மடியில் தாளை வைத்தார்; ஒரு முனையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார், அரசாங்கச் சொத்தாயிற்றே. கிழவர் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அந்தப் பதினோரு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இதையெல்லாமா எடுத்து வெக்கிறீங்க? யாரு படிப்பாங்க இதை?"

"நீங்க படிச்சீங்களே," என்றார் அம்மையார்.

அதன்பின் பதினோரு பேரும் காப்பி குடிக்க உட்கார்ந்தார்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதுதான் நம் சங்கத்தின் முதல் ஏடு. முதல் தீர்மானம் ஒரே வரி: எந்தத் தாளானாலும், நம்மில் ஒருவராவது அதை வைத்திருக்கிறார் என்று தெரியாமல், நம்மில் யாரும் அதை எறிவதில்லை. முன்மொழிந்தவர் மில்ட்ரெட் பாசெட். வழிமொழிந்தவர் வால்டர் கோஸ்கி. அவர்கள் வேறெதையாவது முன்மொழிந்து வழிமொழிந்தார்களா என்று கேட்கும் கடைசி வரிசைக்காரர்களுக்கு, என் ஆராய்ச்சி தொடர்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அம்மையார் முறைக்கிறார். தொடரவில்லை.

ஐனார் ஹாகன் இரண்டு குளிர்காலம் கழித்துக் காலமானார். ஓட்டர் முனையிலேயே, மனைவிக்கு அருகிலேயே அடக்கமானார். அதற்கு முன்பே ஊரார் புதுப் பட்டயம் நட்டுவிட்டார்கள். என்ன எழுதுவது என்று அவர்கள் பலநாள் யோசித்தார்களாம். ஆளுக்கொரு வாசகம் எழுதிப் பார்த்து அடித்தார்களாம். கடைசியில் அந்த அறிவிப்பில் இருந்ததையே போட்டார்கள். போய்ப் பாருங்கள். பனி இருக்கும்போது போங்கள். வெண்கலம் ஈரத்தில் கறுத்து, எழுத்துகள் மட்டும் வெளிறித் தெரியும்:

'பனி மூடும்போது காவலர் கையால் மணி அடிப்பார்.'

கீழே எழுதியவர் பெயர் இல்லை. தலைநகரத்தில் எந்த எழுத்தர், எந்த மேசையில், எந்த மதியத் தூக்கக் கலக்கத்தில் அந்த வரியை எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. கவிதை என்று நினைத்து அவர் எழுதியிருக்க மாட்டார். அது ஓர் அரசு ஆவணம்.

இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்த உங்களுக்கும், கடிகாரத்தை இரண்டு முறை மட்டுமே தட்டிக்காட்டிய தலைவருக்கும், அடுப்படியில் ஆறாமல் காத்துவைத்த தாய்மார்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, எல்லோரும் பனியில் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று வேண்டி அமர்கிறேன். வணக்கம்.